நன்றி எழுதிய டப்பா

எங்கள் கிலாங்கில் நன்றிக்கு மட்டும் பஞ்சம் வந்ததே இல்லை. ஈப்போவுக்கு வெளியே, முன்பு கித்தாக்காடாக, அதாவது ரப்பர் தோட்டமாக, இருந்த நிலத்தில் நிற்கிற கையுறைத் தொழிற்சாலை அது; மலாயில் தொழிற்சாலைக்குக் கிலாங் என்று பேர். கார்டு தட்டும் இடத்தில் ஒரு நன்றி, கேண்டீன் சுவரில் ஒரு நன்றி, கழிவறையில் தண்ணீரை வீணாக்காமல் இருந்ததற்கு ஒரு நன்றி. குழாயைத் திறப்பதற்கு முன்பே நன்றி சொல்லிவிட்டால் அப்புறம் எப்படி வீணாக்குவது? எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்கும். அவற்றைப் படித்துச் சொல்கிற வேலை என் தலையில் விழுந்திருந்தது.

நான் பேக்கிங் பிரிவில் லைன் லீடர். பள்ளியின் ஐந்தாம் படிவத்தில் ஆங்கிலப் பாடத்தில் எப்படியோ தப்பித்தவள். அந்தத் தகுதி எங்கள் லைனில் வேறு யாருக்கும் இல்லை. சுங்கை சிப்புட், கோலா கங்சார் பக்கத்துத் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது வெளியேறி, புந்தோங்கிலும் மலிவு விலை அடுக்குமாடிகளிலும் வந்து ஒண்டிக்கொண்ட குடும்பத்துப் பெண்கள்தான் என்னோடு அதிகம். எங்கள் அப்பா அம்மா பால்மரம் சீவினார்கள். நாங்கள் அந்தப் பாலில் செய்த கையுறையைப் பெட்டியில் அடுக்கினோம். கொசுக்கடி இல்லாத இடத்துக்கு வந்து சேர்ந்தோம் என்பதைத் தவிர வேறு முன்னேற்றம் எனக்குத் தெரியவில்லை.

எனக்குப் பக்கத்து மேசையில் வேலை செய்தவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். லைனில் எல்லாருக்குமே அவர் அக்காதான். அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். நாள் முழுக்க நின்றே வேலை செய்து கணுக்கால் இரண்டும் வீங்கியிருக்கும். அவருடைய வீட்டுக்காரர் முன்பு லாரி ஓட்டியவர். இனிப்பு நீர் வியாதி வந்து ஒரு காலை எடுத்த பிறகு வீட்டோடு கிடந்தார். பிள்ளைகள் இல்லை. அக்காவின் சம்பளம் நின்றால் அந்த வீட்டில் அடுப்பு நின்றுவிடும். இது லைனில் எல்லாருக்கும் தெரியும், அலுவலகத்துக்கும் தெரியும்.

ஒரு சமயம் கோலாலம்பூரிலிருந்து ஒரு சின்னப் பெண்ணை வரவழைத்து எங்களுக்கு வகுப்பு வைத்தார்கள். ஒருவரை ஒருவர் எப்படிப் பாராட்டுவது என்று அவள் சொல்லித்தர வந்திருந்தாள். ஷிஃப்ட் முடிந்து, கால் கடுக்க, கேண்டீனில் உட்கார்ந்து நாங்கள் பாராட்டப் பழகினோம். அவள் ஆங்கிலத்தில் ஒன்று சொல்வாள், நான் தமிழில் சொல்வேன். ‘ஹேட்ஸ் ஆஃப் டு யூ’ என்றால் உன் முன்னால் என் தொப்பியைக் கழற்றுகிறேன் என்றேன். தலையில் மாட்டியிருக்கிற வலையைக் கழற்றினாலே சூப்பர்வைசர் எச்சரிக்கை கொடுப்பானே, நாம் எப்படிப் பாராட்டுவது என்று ஒருத்தி கேட்டாள். ‘ஆல் த கிரெடிட் கோஸ் டு யூ’ என்றால் பெருமை எல்லாம் உன்னையே சேரும் என்றேன். ‘ஐ ஓவ் யூ ஒன்’ என்றால் நீ செய்ததற்கு நான் திருப்பி ஒன்று செய்ய வேண்டியிருக்கிறது என்றேன்.

“ஒண்ணே ஒண்ணுதானா?” என்றார் அக்கா.

‘ஐ காண்ட் தேங்க் யூ எனஃப்’ என்று அடுத்ததைச் சொன்னாள் அந்தப் பெண். எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது என்று பொருள் சொன்னேன். “போதாதுன்னு தெரிஞ்சா சும்மா இருக்க வேண்டியதுதானேலா,” என்றார் அக்கா. லைனே சிரித்தது. அந்தப் பெண்ணும், எதற்கென்று தெரியாமல், சேர்ந்து சிரித்தாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. அவளை அனுப்பியவர்கள் மேல்தான் எரிச்சலாக இருந்தது. மின்விசிறி கேட்டு நாங்கள் நடையாய் நடந்த கேண்டீன் அது.

பிறகு எங்களை ஜோடி ஜோடியாக நிற்க வைத்து, ஒருவருக்கொருவர் ‘ஐ குடன்ட் ஹேவ் டன் இட் விதவுட் யூ’ என்று சொல்லச் சொன்னாள். நீ இல்லாமல் என்னால் இதைச் செய்திருக்கவே முடியாது என்பது அதன் பொருள். அக்காவுக்கு ஜோடி நான். அவர் அதைச் சொல்ல மறுத்துவிட்டார்.

“பக்கத்துல நிக்கிறவளுக்கு எதுக்கு தேங்க்யூ? நீ என்ன மூணாம் மனுஷியா?” என்றார். “சொல்லிட்டா தீந்து போயிரும் தங்கச்சி. அப்புறம் உனக்கும் எனக்கும் என்ன இருக்கு?”

இது அக்காவின் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. தோட்டத்தில் பிறந்த எங்கள் யாருக்குமே கூடப்பிறந்தவளிடமோ பக்கத்து வீட்டிலோ நன்றி சொல்லி வழக்கமில்லை. அந்தச் சொல் கோயில் திருவிழா மேடைக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் உரியது. மற்றபடி எங்களுக்குள் ஒரே ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டிலிருந்து கிண்ணத்தில் குழம்பு வந்தால், அந்தக் கிண்ணத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது. ஒன்றும் இல்லையென்றால் ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் அனுப்ப வேண்டும். அதை ஏதோ பெருந்தன்மை என்று நினைக்க வேண்டாம். வாய்க்கு வந்தபடி திட்டிக்கொள்கிற வீடுகளுக்குள்ளும் கிண்ணங்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும்தான் இருந்தன. எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் ஒருமுறை அடுத்த வீட்டுக்காரர்கள் எங்கள் தூக்குச்சட்டியைக் கழுவிக் கவிழ்த்து, காலியாக வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். அம்மா அதை எடுத்து உள்ளே வைத்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டுக் கல்யாணத்துக்கும் நாங்கள் போகவில்லை, எங்கள் அப்பாவின் சாவுக்கு அவர்களும் வரவில்லை.

கொரோனா காலத்தில் கிலாங் இரவு பகலாக ஓடியது. உலகத்துக்கே கையுறை தேவைப்பட்டது. நாங்கள் காய்ச்சலோடும் அடுக்கினோம். சுவரில் நன்றிப் பலகைகள் கூடிக்கொண்டே போயின. நோய் அடங்கியதும் ஆர்டர் விழுந்தது. கிடங்கில் பெட்டிகள் கூரை வரை தேங்கின. ஒவ்வொரு லைனாக விளக்கை அணைத்தார்கள். எங்கள் லைனின் முறை எப்போது என்று யாரும் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் வந்துவிடுமோ என்ற பயம்.

அப்படி இருந்த ஒரு வெள்ளிக்கிழமை கேண்டீனில் பலூன் கட்டினார்கள். பாராட்டு நாள் என்றார்கள். பிரியாணி போட்டார்கள். கிலாங் மேனேஜர் மைக்கைப் பிடித்தார். வெளிநாட்டுக்காரர். மலாயில் நன்றிக்கான ‘தெரிமா காசே’யைத் தாண்டி அவருக்கு ஒன்றும் வராது. சத்தம் போட்டுப் பேசாதவர், லிஃப்டில் எங்களுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர். அவரை வில்லனாக்கிவிட்டால் எனக்கு இந்தக் கதை சுலபமாகியிருக்கும். அவர் அப்படியில்லை.

அவர் பேசப் பேச நான் பக்கத்தில் நின்று தமிழில் சொன்னேன். நீங்கள் இல்லாமல் நாங்கள் இவ்வளவு தூரம் வந்திருக்க முடியாது. பெருமை முழுக்க உங்களுக்குத்தான். எங்கள் பயணத்தில் கூட வந்ததற்கு நன்றி. பெண்கள் கை தட்டினார்கள். கடைசி வரியைச் சொல்லும்போது எனக்கு எங்கேயோ இடித்தது. கூட வருகிறவர்களிடம் பேசுகிற பேச்சாக அது இல்லை. இறங்கப்போகிறவர்களிடம் பேசுகிற பேச்சாக இருந்தது. ஆனால் எனக்குத் தோன்றுவதையெல்லாம் மைக்கில் சொல்ல முடியாதே. அவர் சொன்னதைத்தான் சொன்னேன்.

கடைசியில் ஆளுக்கொரு கண்ணாடி டப்பா கொடுத்தார்கள். நீல மூடி. மூடியின் மேல் வெள்ளை எழுத்தில் ஆங்கிலத்தில் நன்றி. சோறு கொண்டுபோக நல்ல டப்பாதான். அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அவரே கையால குடுத்தாரு,” என்றார். “பாத்தியா?”

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். அவருடைய வீட்டுக்காரருக்குப் புண்ணில் கட்டு மாற்ற ஒரு கை தேவைப்படும் என்று போவது வழக்கம். படியேறும்போதே பாசிப்பயறு மாவு வறுக்கிற வாசம் வந்தது. அக்கா தரையில் உட்கார்ந்து நெய்யைச் சுடச்சுட ஊற்றி உருண்டை பிடித்துக்கொண்டிருந்தார். தீபாவளிக்குக்கூட அந்த வீட்டில் பலகாரம் செய்வதை நிறுத்தி நாளாகியிருந்தது. செய்தால் அந்த மனிதர் எடுத்துத் தின்றுவிடுவார் என்ற பயம். அன்றைக்கு அவர் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். வாசம் தாங்கவில்லை போலிருக்கிறது.

“யாருக்குக்கா?” என்றேன்.

“அந்த வெள்ளக்காரருக்கு. டப்பா குடுத்தாருல்ல.”

“அக்கா, அது நமக்கே நமக்குன்னு குடுத்தது. கடையில வாங்கி எல்லாத்துக்கும் குடுத்தாங்க. திருப்பித் தர வேணாம்.”

“டப்பா வந்துச்சுன்னா போகணும். யாரு குடுத்தா என்ன?” என்று என்னைப் பார்க்காமலே சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “லைன மூடப்போறாங்கன்னு எனக்கும் தெரியும்லா. போயி கேக்கணும், வேற எங்கயாச்சும் போடுங்க, கூட்டுற வேலைன்னாலும் செய்றேன்னு. கைய வீசிக்கிட்டுப் போயி கேக்க முடியுமா?”

ஓர் உருண்டையை எடுத்து என் வாயில் போட்டார். வீட்டில் ருசி பார்க்க வேறு ஆள் இல்லை. “சீனி சரியா இருக்கா?” என்றார். சரியாக இருந்தது.

மறுநாள் காலை கூட்ட அறைக்கு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். மேனேஜர், ஆள் நிர்வாகப் பிரிவுப் பெண், மொழிபெயர்க்க நான். எனக்கு வேலை போகவில்லை என்பதை உள்ளே போவதற்கு ஐந்து நிமிடத்துக்கு முன்னால்தான் சொன்னார்கள். சந்தோஷப்படுவதா, வெட்கப்படுவதா என்று யோசிக்கவும் நேரமில்லை. முதல் பெண் வந்து உட்கார்ந்தாள். மேனேஜர் அவள் செய்த வேலைக்கெல்லாம் நன்றி சொன்னார். அவள் சிரித்தாள். அதற்குப் பிறகுதான் மற்றது வந்தது. அடுத்தவளுக்கும் அப்படியே. மூன்றாவது பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் எனக்கே நன்றியைச் சொல்ல வாய் வரவில்லை. அதைத் தாண்டிப் போய்விடலாமா என்றிருந்தது. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அன்று ஒன்று விளங்கியது. அவர்கள் உட்கார வைத்து நன்றி சொல்ல ஆரம்பித்தால், நாம் எழுந்துகொள்ள வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

வெளியே போனவர்கள் அழுதுகொண்டு போனதை அக்கா வரிசையில் உட்கார்ந்து பார்த்திருந்தார். எல்லாம் தெரிந்துதான் உள்ளே வந்தார். மடியில், துவாலையில் சுற்றி, அந்த டப்பா.

மேனேஜர் தொடங்கினார். நான் சொன்னேன், “உங்க உழைப்பு இல்லாம இந்தக் கம்பெனி இந்த அளவுக்கு வந்திருக்காதுன்னு சொல்றாருக்கா.”

“அப்புறம்?”

“ரொம்ப நன்றிங்கிறாரு.”

“அது சரி. அப்புறம்?”

“இன்னையோட வேலை முடியுதுக்கா.”

அக்கா அழவில்லை. துவாலையை அவிழ்த்தார். டப்பாவை மேசை மேல் வைத்து, இரண்டு கையாலும் மேனேஜர் பக்கம் நகர்த்தினார். கண்ணாடி வழியாக உருண்டைகள் தெரிந்தன, ஒன்றுபோல் மற்றொன்று. “வீட்டுல செஞ்சது. சாப்பிடச் சொல்லு,” என்றார்.

மேனேஜரின் முகம் சிவந்துவிட்டது. ‘ஓ ஆன்ட்டி, யூ ஷுடன்ட் ஹேவ்’ என்றார். யாராவது அன்பாக எதையாவது கொடுத்தால் ஆங்கிலத்தில் அப்படித்தான் சொல்வார்கள். நீங்கள் இதைச் செய்திருக்கக் கூடாது என்பதுதான் சொற்கள், ஆனால் வாங்கிக்கொள்வதில் சந்தோஷம் என்பதுதான் பொருள். அந்த அறையில் எனக்கு இரண்டையுமே சொல்ல மனம் வரவில்லை.

“எதுக்கு இவ்வளவு சிரமப்பட்டீங்கன்னு கேக்குறாரு,” என்றேன்.

“சிரமம் ஒண்ணும் இல்லன்னு சொல்லு. ஆர்டர் திரும்பி வந்தா என்னைக் கூப்பிடச் சொல்லு. எந்த வேலைன்னாலும் வாரேன். எங்க வீட்டுக்காரருக்குக் கால் இல்லாதது அவருக்குத் தெரியும்தானே, அதையும் சொல்லு.”

சொன்னேன். அவர் நெஞ்சில் கை வைத்து, நிலைமை சரியானால் நாங்கள் கூப்பிடுகிற முதல் ஆள் நீங்கள்தான் என்றார். ஆள் நிர்வாகத்துப் பெண் குனிந்து தன் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போதே தெரிந்தது. இருந்தாலும் அவர் சொன்னதை அப்படியே தமிழில் சொன்னேன். அக்காவின் முகம் தெளிந்தது. எழுந்தவர், வெறும் துவாலையை மடித்து எடுத்துக்கொண்டார்.

சட்டப்படி கொடுக்க வேண்டியதைக் கிலாங் குறையில்லாமல் கொடுத்தது. அதில் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் படுத்துக் கிடக்கிற மனிதருக்கு மருந்தும் கட்டுத்துணியும் வாங்குகிற வீட்டில் அது எவ்வளவு நாளைக்கு வரும்?

நான் வேலை தேடினேன். அக்காவின் வயதைக் கேட்டதும் ஆளாளுக்கு உதட்டைப் பிதுக்கினார்கள். கடைசியில் ஈப்போ டவுனில் ஒரு வாழையிலைச் சோற்றுக்கடையில் மங்கு, தட்டு கழுவ ஆள் தேவை என்றார்கள். முதலாளி கறாரானவர், ஆனால் கெட்டவரில்லை. பின்கட்டில் ஈரத்தில் நின்று மாலை வரை கழுவ வேண்டும். அந்த வீங்கிய காலை வைத்துக்கொண்டு எப்படி என்று நினைத்தேன். வேறு வழியும் தெரியவில்லை. அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

“கொஞ்சம் பொறுக்கச் சொல்லுலா,” என்றார். “இங்க சேந்துட்டு, நாளைக்கே கிலாங்ல கூப்பிட்டா என்னா பண்றது? நட்டாத்துல உட்டுட்டு வர முடியுமா?”

“கூப்பிடுவாங்கன்னு நினைக்கிறீங்களா அக்கா?”

“டப்பா அங்கதானே இருக்கு.”

கடையில் பேசி வேலையைப் பிடித்து வைத்தேன். சொந்தக்கார அம்மா, உடம்புக்கு முடியவில்லை, தேறியதும் வந்துவிடுவார் என்று பொய் சொன்னேன். முதலாளி முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார். ஒவ்வொரு வாரமும் அக்கா வீட்டுக்குப் போனேன். ஒவ்வொரு முறையும் அவர் முதலில் கேட்டது ஒன்றுதான். டப்பாவைப் பற்றி அந்த வெள்ளக்காரர் ஏதாவது சொன்னாரா? இல்லை என்பேன். “வேலையா இருப்பாரு,” என்பார். வீட்டில் முதலில் மீன் நின்றது. பிறகு தொலைக்காட்சிச் சந்தா நின்றது. கட்டுத்துணியைக் கொதிநீரில் போட்டுத் திரும்பப் பயன்படுத்துவதைப் பார்த்தேன். எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. ஒரு நாள் அக்கா மேலேயே எரிந்து விழுந்தேன்.

“அவங்களுக்கு அது வெறும் கண்ணாடி டப்பாக்கா. நம்ம மாதிரி கிடையாது.”

“சாப்பிட்டவங்களுக்கு எல்லா ஊர்லயும் ஒரே வாய்தானே,” என்றார் அக்கா. அதற்கு மேல் பேச விடவில்லை.

கிலாங்கில் ஆர்டர் கொஞ்சம் திரும்பி வந்தது. எங்கள் பழைய லைனில் மறுபடியும் விளக்கு எரிந்தது. நான் ஓட்டமாக ஆள் நிர்வாகத்துக்குப் போனேன். ஏஜென்ட் மூலமாக ஒப்பந்த ஆள்களை எடுத்துவிட்டோம், எல்லாம் இளம் வயதினர் என்றார்கள். மேனேஜரை நடைபாதையில் நிறுத்தி அக்காவைப் பற்றிக் கேட்டேன். “ஓ, அந்த அருமையான ஆன்ட்டி,” என்றார். என்னிடம் விட்டுவிடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அந்தச் சொற்களையும் நான் வகுப்பில் படித்திருக்கிறேன். இனிமேல் கேட்காதே என்பதைச் சொல்ல அதைவிட மரியாதையான வழி ஆங்கிலத்தில் இல்லை.

பிறகு அவருக்கு மாற்றலாகிவிட்டது. வேறு நாட்டில் வேறு கிலாங். அறையைக் காலி செய்துகொண்டிருந்தபோது என்னைக் கூப்பிட்டார். மேசை மேல் அந்தக் கண்ணாடி டப்பா, நீல மூடி. மூடியில் ஒரு மஞ்சள் காகிதம் ஒட்டியிருந்தது.

இதை அந்த ஆன்ட்டியிடம் சேர்த்துவிட முடியுமா என்று கேட்டார். இவ்வளவு நாள் திருப்பித் தராததற்கு மன்னிப்புக் கேட்டார். தன் மனைவிக்கு அந்த இனிப்பு மிகவும் பிடித்துவிட்டது என்றார். “நானே கழுவினேன்,” என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். உண்மையாகவே பளபளவென்று கழுவியிருந்தார். மூலையில்கூட நெய்ப்பிசுக்கு இல்லை. மஞ்சள் காகிதத்தில், மிகவும் சுவையாக இருந்தது, நன்றி, என்று எழுதியிருந்தார். கீழே ஒரு சிரித்த முகம் வரைந்திருந்தார்.

நான் டப்பாவை வாங்கினேன். ‘தேங்க்யூ’ என்றேன். பழக்கதோஷம்.

ஷிஃப்ட் முடிந்து மோட்டார் சைக்கிளை எடுத்தேன். டப்பாவை முன்கூடையில் வைத்தேன். ஒவ்வொரு குழியிலும் மூடி கடகடவென்று ஆடியது. புந்தோங்கில் மளிகைக்கடை வாசலில் வண்டியை நிறுத்தினேன். எதற்கு நிறுத்துகிறேன் என்று நிறுத்தும்போதே தெரியும். உள்ளே போய் ஒரு பொட்டலம் சீனி வாங்கினேன். வெளியே வந்து, கூடையில் டப்பாவையும் சீனியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நின்றேன்.

ஒரு பிடி போட்டால் போதும். அந்த மனிதர் கொடுத்ததாகச் சொல்லிவிடலாம். அக்காவுக்குக் காது குளிர்ந்துவிடும். அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் கூப்பிடுவார்கள் என்று காத்திருப்பார். மங்கு கழுவுகிற வேலை இந்த வாரத்தோடு போய்விடும், முதலாளி கடைசியாகச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் என்ன இருக்கும்? போடாவிட்டால், மரியாதையாக வேலையிலிருந்து அனுப்பப்பட்டதைவிட மோசமான ஒன்றை என் கையாலேயே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். மழை இருட்டிக்கொண்டு வந்தது. சீனிப் பொட்டலத்தை எடுத்து சீட்டுக்கு அடியில் போட்டுப் பூட்டினேன்.

அக்கா கதவைத் திறந்ததும் என் கையைத்தான் பார்த்தார். முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியை என்னால் மறக்க முடியாது.

“குடுத்துட்டாரா?” என்று இரண்டு கையையும் நீட்டினார்.

கொடுத்தேன். கையில் வாங்கியபோதே தெரிந்துவிட்டது. கனம் இல்லை. இருந்தாலும் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். மூடினார். கட்டிலிலிருந்து அவருடைய வீட்டுக்காரர் தலையைத் தூக்கி, “என்னா வந்துருக்கு?” என்று கேட்டார். அக்கா விரலால் மஞ்சள் காகிதத்தைத் தொட்டார்.

“இதுல என்னா போட்டிருக்கு?”

“ரொம்ப நல்லா இருந்துச்சாம்.”

“அப்புறம்?”

“தேங்க்யூன்னு போட்டிருக்காருக்கா.”

அக்கா தலையாட்டினார். காகிதத்தை உரித்து நான்காக மடித்தார். பிறகு எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

“அப்ப முடிஞ்சிருச்சு,” என்றார்.

டப்பாவைக் கொண்டுபோய் அடுப்படியில் வைத்தார். சத்தமே வரவில்லை. கவிழ்த்து வைத்திருப்பார் என்று நினைக்கிறேன், நான் எட்டிப் பார்க்கவில்லை. திரும்பி வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வீங்கிய கணுக்காலைக் கொஞ்ச நேரம் தேய்த்துவிட்டார்.

“அந்தச் சோத்துக்கடைக்காரன்கிட்ட சொல்லு,” என்றார். “நாளைக்குக் காலையில வாரேன்னு. எந்த பாஸ் ஏறணும்?”

பஸ் வேண்டாம், நானே கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். சரி என்றார். எழுந்து வாசலுக்கு வந்தேன். வெளியே மழை தொடங்கியிருந்தது. அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்தச் சொல்லை மட்டும் சொல்லிவிடக் கூடாதே என்றிருந்தது எனக்கு.

“பாத்துப் போ,” என்றார். “படியெல்லாம் ஈரம்.”